கொப்பரை மையும் பொன்னூர் மலை அணுவும்

திருவண்ணாமலையில் மகா தீபம் 11 நாள் எரிந்து முடிந்ததும், 2,668 அடி உயர மலை உச்சியிலிருந்து கொப்பரையை இறக்கிக் கொண்டுவருவார்கள். அதில் படிந்த கரியைத் திரட்டித் தீப மை தயாராகும். மார்கழியில் ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்திய பிறகு அது பக்தர்களுக்குப் பிரசாதம். நெற்றியில் இட்டுக்கொள்ளும் அந்தக் கறுப்பு, வேதியியல் கணக்கில் கார்பன். 1 மில்லிகிராம் கரியில் ஏறத்தாழ 5 லட்சம் கோடி கோடி கார்பன் அணுக்கள் உண்டு.

தீபத்தின் மஞ்சள் ஒளியும் அந்தக் கரியின் வேலைதான். சூட்டில் நெய்யின் கொழுப்பு உடைகிறது. சுடருக்குள்ளே போதிய காற்று எட்டாததால் கார்பன் நுண்துகள்களாகத் திரள்கிறது. அத்துகள்கள் பழுக்கக் காய்ந்து ஒளிர்வதைத்தான் ஊரிலிருந்து அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். சுடரின் விளிம்பில் காற்றைச் சந்திக்கும் துகள்கள் எரிந்து கரியமில வாயுவாகிப் போய்விடும். தப்பியவை புகையாகும், கொப்பரையில் ஒட்டும்.

அப்படியானால் தீ என்று தனியாக ஒரு பொருள் இருக்கிறதா? பஞ்சபூதத் தலங்களில் அக்கினித் தலமான ஊரில் இப்படிக் கேட்பது குறும்பாகத் தோன்றலாம். ஆனால் தமிழில் இது நன்கு விவாதிக்கப்பட்ட விஷயம்.

மணிமேகலையின் 27-ஆவது காதையில், வஞ்சி நகரத்தில் ஆசீவக சமயத்தவர் ஒருவர் தம் கொள்கையை விளக்குகிறார். நிலம், நீர், தீ, காற்று ஆகிய நான்குக்கும் தனித்தனி அணுக்கள் உண்டு. உயிருக்கும் ஓர் அணு உண்டு. இவை புதிதாகத் தோன்றுவதில்லை, அழிவதில்லை, ஒன்று இன்னொன்றாக மாறுவதுமில்லை. நீர் அணு என்றைக்கும் நீர் அணுதான். பொருள்களில் அவை ஒன்று, முக்கால், அரை, கால் என்ற அளவில் சேர்கின்றன. எது மிகுந்திருக்கிறதோ அதன் பெயரால் அந்தப் பொருளை அழைக்கிறோம். நெருக்கமாகச் செறிந்தால் வைரம், உள்ளே இடம் விட்டால் மூங்கில். தனி அணுவைத் தெய்வக் கண் உள்ளவர்கள்தான் காண முடியும். அந்தி மயங்கும் நேரத்தில் ஒற்றை மயிர் கண்ணுக்குத் தெரியாது, திரண்ட கூந்தல் தெரியும் அல்லவா, அப்படி என்கிறார்.

இதற்கு நேர் எதிரான கட்சியும் இருந்தது, அதுவும் இதே திருவண்ணாமலை மாவட்டத்தில். வந்தவாசிக்குப் பக்கத்தில் இருக்கும் பொன்னூர் மலையின் உச்சியில் சமண ஆசாரியரான குந்தகுந்தரின் பாதச் சுவடுகளைச் சமணர்கள் வணங்குகிறார்கள். அவர் அங்கே தவமிருந்தார் என்பது மரபு. பிராகிருதத்தில் அவர் எழுதிய பஞ்சாஸ்திகாயம் நான்கு பூதங்களுக்கும் காரணம் ஒரே வகைப் பரமாணுதான் என்கிறது. குணம் மாறும்போது அதுவே மண்ணாகும், அதுவே நெருப்பாகும். ஒரு சுவை, ஒரு நிறம், ஒரு மணம், இரண்டு ஊறு (தொடுவுணர்வு) ஆகியவை அதற்கு உண்டு. ஒலிக்குக் காரணம் என்றாலும் அதற்கு ஒலி கிடையாது. தீ அணு என்று தனியாக ஒன்று குந்தகுந்தரின் கணக்கில் இல்லை.

பொருள்கள் பலவகை அணுக்களால் ஆனவையா, ஒரே வகையின் பல கோலங்களா? சமணக் காவியமான நீலகேசியில் இந்தச் சண்டை நேருக்கு நேராகவே நடக்கிறது. எதுவும் மாறுவதில்லை என்னும் ஆசீவகரைச் சமணக் கதாநாயகி மடக்குவதற்கு அந்நூலில் ஒரு சருக்கமே உண்டு. பஞ்சாஸ்திகாயத்தை 1920-இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுசென்ற அ. சக்கரவர்த்தி நயினார்தான் 1936-இல் நீலகேசியையும் பதிப்பித்தார்.

அணுவை அன்றே கண்டுபிடித்துவிட்டோம் என்று வாட்ஸ்அப்பில் உலவும் பெருமைகளில் எனக்கு ஒட்டுதல் இல்லை. எண்ணெய்ப்பசையும் வறட்சியும் இரண்டு படி வித்தியாசத்தில் இருந்தால் அணுக்கள் பிணையும் என்று சமண நூல்கள் சொல்வதை, நேர் மின்சாரம், எதிர் மின்சாரம் என்று வாசிப்பது அந்த நூல்களுக்கே செய்யும் அநியாயம். அவர்கள் கேட்டது நல்ல கேள்வி. ஆனால் முக்கால், அரை என்று அளவு சொன்ன ஆசீவகர், எதை நிறுத்துப் பார்த்தால் அந்த முக்கால் தெரியும் என்று சொல்லவில்லை. வாதத்தில் வென்றவர் யார் என்பது காவியத்தை யார் எழுதினார் என்பதைப் பொறுத்திருந்தது.

தராசு வந்த பிறகும் தீ சுலபத்தில் போய்விடவில்லை. எரிதல் என்பது ஆக்சிஜனோடு சேர்வது என்று நிறுவிய லவாய்சியே, 1789-இல் வெளியிட்ட 33 தனிமங்களின் பட்டியலில் ஒளியையும் வெப்பத்தையும் சேர்த்திருந்தார்! ஆசீவகரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

வைரத்தின் கதை 1797-இல் முடிவுக்கு வந்தது. லண்டனில் ஸ்மித்சன் டென்னன்ட் வைரத்தைத் தங்கக் குழாயில் வெடியுப்போடு போட்டுச் சூடாக்கி எரித்தார். அதே எடையுள்ள கரியை எரித்தால் எவ்வளவு கரியமில வாயு கிடைக்குமோ அவ்வளவே கிடைத்தது. வைரமும் கரியும் ஒரே சரக்கு. அணுக்கள் அடுக்கப்பட்ட விதம்தான் வேறு. செறிவைப் பற்றி ஆசீவகர் சொன்னதில் பாதி சரி என்று இங்கே ஒப்புக்கொள்ளலாம்.

அடுத்து வந்த ஜான் டால்டன், எடை விகிதங்களிலிருந்து அணுவுக்கு வாதாடினார். 3 கிராம் கார்பன் 4 கிராம் ஆக்சிஜனோடு சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு. 8 கிராமோடு சேர்ந்தால் கரியமில வாயு. இடையில் 5, 6 என்று எதுவும் கிடையாது. நாலுக்கு எட்டு என்பது சரியாக இரண்டு மடங்கு. ஆக்சிஜன் முழு முழு அணுக்களாகத்தான் வருகிறது என்றால்தான் இது பொருந்தும். டால்டனும் தடுமாறாமல் இல்லை. தண்ணீரில் ஒரு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் என்று வைத்துக்கொண்டதால், 1808-இல் வந்த தம் நூலில் ஆக்சிஜன் அணுவின் எடை ஹைட்ரஜனைப்போல் 7 மடங்கு என்று எழுதினார். சரியான விடை 16.

பலவகையா, ஒரே வகையா என்ற கேள்வி அதோடு முடியவில்லை. 1897-இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்தார். எந்த உலோகத்தில் செய்த மின்முனையானாலும், குழாயில் எந்த வாயு இருந்தாலும் அதே துகள்தான் வந்தது. 1911-இல் அணுக்கருவைச் சொன்ன ரூதர்ஃபோர்டு, 1919-இல் ஆல்ஃபா துகளால் நைட்ரஜனை மோதி அதிலிருந்து ஹைட்ரஜன் கருவை வெளியேற்றிக் காட்டினார். மோதிய நைட்ரஜன் ஆக்சிஜனாகியிருந்தது. வேதியியல் அடுப்பில் மாறாத அணு, போதிய வேகத்தில் அடித்தால் மாறுகிறது. எல்லாத் தனிமங்களின் அணுக்கருவும் புரோட்டான், நியூட்ரான் என்ற அதே இரண்டு துகள்களால் ஆனது என்பது 1932-இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்த பிறகு தெளிவானது.

தெய்வக் கண் என்று ஆசீவகர் சொன்னது 1955 அக்டோபர் 11-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கைகூடியது. எர்வின் முல்லரும் அவருடைய இந்திய மாணவர் கன்வர் பகதூரும் மிகக் கூரிய டங்ஸ்டன் ஊசியைத் திரவ நைட்ரஜனால் குளிர்வித்து, உயர் மின்னழுத்தம் கொடுத்து, சுற்றிலும் ஹீலியம் வாயுவை விட்டார்கள். ஊசி முனையில் துருத்திக்கொண்டிருந்த ஒவ்வொரு அணுவும் தன்னருகே வந்த ஹீலியத்திலிருந்து எலக்ட்ரானைப் பறித்து, அந்த ஹீலியத்தை எதிரே இருந்த திரைக்கு விரட்டியது. திரையில் தனித்தனிப் புள்ளிகள் மின்னின. தனி அணுக்களை மனிதர்கள் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை.

முல்லரின் வழியில் வந்த கருவி இப்போது சென்னை ஐஐடியில் இருக்கிறது. ஊசி முனையிலிருந்து அணுக்களை ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்து, பறந்து சேர எடுக்கும் நேரத்தை வைத்து இது இரும்பு, இது கார்பன் என்று இனம் பிரித்து, எது எங்கே இருந்தது என்று முப்பரிமாண வரைபடம் போடும். எஃகுக்குள் கார்பன் அணுக்கள் எந்த மூலையில் ஒதுங்கியிருக்கின்றன என்பது உலோகவியலாருக்கு அவசியம் தெரிய வேண்டிய விவரம். எஃகின் வலிமை பெரிதும் அதைப் பொறுத்தது.