சதுப்பு நிலத்துக்குக் கடன் கொடுப்பது யார்?

நகரத்துச் சதுப்பு நிலத்தை மீட்பதற்கும், மூடிய ஓடையைத் திறந்துவிடுவதற்கும், தெருவோரம் மழைநீரை உறிஞ்சும் செடிப் படுகைகள் அமைப்பதற்கும் பணம் திரட்டுவது, மேம்பாலத்துக்குத் திரட்டுவதைவிடக் கடினம். பலன் ஊருக்கெல்லாம் போகிறது, வசூலிக்கத்தான் வழியில்லை. உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் தென்சென்னையின் மழைவெள்ளத்தை வாங்கித் தேக்குகிறது. அதனால் வெள்ளத்திலிருந்து தப்பும் வீட்டுக்காரர் அதற்கென்று யாருக்கும் பணம் கட்டுவதில்லை. அதே நிலத்தை மேடாக்கி மனை போட்டால் விலை உடனே கைக்கு வருகிறது. பள்ளிக்கரணையின் பெரும்பகுதி அப்படித்தான் தொலைந்தது.

கடன் கொடுப்பவர்களுக்கு வேறொரு தயக்கமும் உண்டு. கான்கிரீட் குழாயில் எவ்வளவு தண்ணீர் போகும் என்று பொறியாளர் கணக்குச் சொல்லிவிடுவார். செடியும் மண்ணும் எவ்வளவு உறிஞ்சும் என்பதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது.

இந்தத் தயக்கத்தை நேராக எதிர்கொண்டது அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் குடிநீர், கழிவுநீர் நிறுவனமான டிசி வாட்டர். அந்நகரின் பழைய பகுதிகளில் மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் ஓடுகின்றன. பெருமழையில் இரண்டும் கலந்து ஆற்றில் வழிகின்றன. செடிப் படுகைகளும் நீர் ஊறும் தரைகளும் இதைக் குறைக்குமா என்று சோதிக்க, 2016-இல் 2.5 கோடி டாலருக்குப் பத்திரம் வெளியிட்டார்கள். கட்டுவதற்கு முன்னும் பின்னும் வழிந்தோடும் நீரை அளப்பது என்பது ஏற்பாடு. குறைவு 41.3 விழுக்காட்டைத் தாண்டினால் முதலீட்டாளருக்குக் கூடுதலாக 33 லட்சம் டாலர், 18.6 விழுக்காட்டை எட்டாவிட்டால் அதே தொகையை முதலீட்டாளர் டிசி வாட்டருக்குத் தர வேண்டும். 2021-இல் வெளியான அளவீட்டில் குறைவு ஏறக்குறைய 20 விழுக்காடு. ஆகவே இரு தரப்பும் கூடுதலாக எதுவும் தர வேண்டியிருக்கவில்லை. தோற்றால் நட்டம் முழுவதும் நகரத்தின் தலையில் விழாது என்ற துணிவைக் கொடுத்தது இந்த ஏற்பாடு.

ஆனால் பத்திரம் என்பது கடன்தான். அடைக்க வரவு வேண்டும். உண்மையில் பெரிய காரியம், அங்கே 2009 முதல் வசூலாகும் கட்டணமே. கூரை, முற்றம், வாகன நிறுத்துமிடம் என மழைநீர் ஊறாத பரப்பைக் கணக்கிட்டு வசூலிக்கிறார்கள். தரையைப் பெரிதாகப் பூசி மூடியவர் அதிகம் கட்டுகிறார்.

இந்தியாவில் 2021-இல் காசியாபாத் மாநகராட்சி 150 கோடி ரூபாய்க்குப் பசுமைப் பத்திரம் வெளியிட்டது. கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு விற்கும் திட்டம் அது. அந்த நீரை வாங்க ஆள் உண்டு. ஒழுங்கான கணக்கும் கடன் தர மதிப்பீடும் இல்லாத உள்ளாட்சிகளுக்குப் பத்திரச் சந்தையின் கதவு திறப்பதில்லை. சதுப்பு நிலம் தரும் பலனுக்கோ வாங்குவோரே இல்லை. அங்கே பொதுப்பணமோ வாஷிங்டன் போன்ற கட்டணமோதான் வழி.

பராமரிப்பைப் பல திட்டங்கள் மறக்கின்றன. படுகையில் வண்டலும் பிளாஸ்டிக்கும் அடைத்தால் தண்ணீர் இறங்காது. களை எடுக்கவும் தூர் வாரவும் ஆண்டுதோறும் கூலி வேண்டும். திட்ட நிதியும் பத்திரப் பணமும் கட்டி முடித்தவுடன் தீர்ந்துவிடுகின்றன. ஆண்டுதோறும் வசூலாகும் கட்டணத்தில் ஒரு பங்கை இதற்கென்றே ஒதுக்கினால்தான் படுகைகள் தொடர்ந்து நீர் உறிஞ்சும்.