ஒட்டுக்கேட்டதற்குக் கணக்கு

காலையில் காட்டாங்குளத்தூர் ஸ்டேஷனில் கடற்கரை செல்லும் மின்சார ரயிலுக்காகக் காத்திருப்பவர்களிடையே, மகளின் கல்யாணப் பேச்சையோ, சீட்டுப் பணப் பாக்கியையோ, டாக்டர் சொன்ன கவலை தரும் செய்தியையோ தாழ்ந்த குரலில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும் சிலரை எந்நாளும் காணலாம். அந்தப் பேச்சின் அந்தரங்கத்தைக் குறித்து, அதே ரயில் நின்றுசெல்லும் கோட்டை ஸ்டேஷனிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள சென்னை உயர் நீதிமன்றம், 2025 ஜூலை 2-ஆம் தேதி ஒரு தீர்ப்பு வழங்கியது.

லஞ்ச வழக்கொன்றின் நிமித்தம், ஒரு கம்பெனி நிர்வாகியின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க 2011 ஆகஸ்டில் மத்திய உள்துறை உத்தரவிட்டிருந்தது. 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டம் பொது நெருக்கடியையும் பொதுமக்கள் பாதுகாப்பையும் முன்னிட்டே இந்த அதிகாரத்தை அளிக்கிறது என்றும், குற்றமொன்றை ரகசியமாகத் துப்பறிவது அவ்விரண்டிலும் அடங்காது என்றும், கேட்டறிந்த பேச்சுகள் மறுபரிசீலனைக் குழுவின் முன் வைக்கப்படவில்லை என்றும் கண்ட நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், அவ்வுத்தரவை ரத்துச் செய்தார்.

மறுபரிசீலனைக் குழு என்பது, மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த ஏற்பாடு. உத்தரவில் ஒப்பமிடுபவர் உள்துறைச் செயலாளர். அதைச் சரிபார்ப்பவர்களோ அமைச்சரவைச் செயலாளரும் வேறு இரு செயலாளர்களும், அதாவது அதே நிர்வாகத்தின் அங்கத்தினர்களே. இரண்டு மாதத்துக்கொருமுறை கூடும் இக்குழு ஒரே கூட்டத்தில் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பரிசீலிக்க வேண்டியிருக்கிறது என்று, 2018-இல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழுவின் அறிக்கை எடுத்துக்காட்டியது. உத்தரவு ஒன்றுக்கு ஒரு நிமிஷம் என்று வைத்துக்கொண்டாலும், இரவும் பகலும் உறங்காமல் பத்து நாட்களுக்குமேல் உட்கார வேண்டும்!

பிரிட்டனில் 2016-ஆம் வருஷத்துச் சட்டப்படி, அவசர சந்தர்ப்பங்கள் நீங்கலாக, ஒட்டுக்கேட்பதற்கான மந்திரியின் ஆணை நீதித்துறை ஆணையர் ஒருவரின் சம்மதமின்றிச் செல்லுபடியாவதில்லை. இங்கே 2024 டிசம்பரில் புதிய விதிகள் வந்தபோதும் செயலாளர்களின் குழுவே நீடித்தது. நீதிபதியின் பார்வைக்கு வராத இத்தகைய உத்தரவு எதுவும் நடைமுறைக்கு வரலாகாது என்பதே என் திடமான அபிப்பிராயம்.

ஏனெனில், சென்னை வழக்கில் அந்த நிர்வாகிக்கு நியாயம் கிடைத்ததற்கு ஆதாரமே, அவருடைய பேச்சு சாட்சியமாக நீதிமன்றத்துக்கு வந்ததுதான். எந்தக் குற்றமும் செய்யாத ஒருவரின் பேச்சை மாதக்கணக்கில் கேட்டு ஒன்றும் அகப்படாமற்போனால், அதை அவருக்கு அறிவிக்கும்படி எந்த விதியும் கட்டளையிடவில்லை. தேவையற்ற பதிவுகளை ஆறு மாதத்துக்கொருமுறை அழித்துவிட வேண்டும் என்ற விதி மட்டும் இருக்கிறது.