மன்னார் வளைகுடாத் தீவுகள்

சென்னையில் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் வாழும் சிறுவர் பலர், தம் ஊருக்குள்ளேயே தீவு என்னும் பெயர் தாங்கிய நிலம் ஒன்று இருப்பதை அறியார். சாந்தோமுக்குத் தெற்கே, அடையாறு கடலோடு கலக்கும் கழிமுகத்தில் உள்ளது குயிபிள் தீவு. பழைய நிலப்படங்களில் அதனைச் சுற்றி நீர் காணப்படும். இன்று ஓடைகள் தூர்ந்துபோயின. வீடுகளும் கல்லறைத் தோட்டமும் அமைந்த அவ்விடத்திற்குத் தோணி வேண்டா. தெருவழியே நடந்து செல்லலாம். ஆற்று நீர் சூழ்ந்த நிலத்தை ஆற்றிடைக்குறை என்றும், அரங்கம் என்றும், துருத்தி என்றும் நம் முன்னோர் வழங்கினர். நீர் நீங்கியபின் பெயர் மட்டும் எஞ்சிய தீவைக் கண்டு மனநிறைவு கொள்ளாதார், கடல் சூழ்ந்த தீவுகளைக் காணத் தென்கோடிக்குச் செல்லுதல் வேண்டும்.

எழும்பூரில் மாலையில் இரயில் ஏறுவோர், இரவெல்லாம் சென்று, விடியற்காலையில் மண்டபத்தை அடைவர். அதனை அடுத்துப் பாம்பன் பாலம் வரும். 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாலத்திற்கு மாற்றாக, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. கப்பல் வருங்கால் அதன் நடுப்பகுதி செங்குத்தாக மேலெழுந்து வழிவிடும். பாம்பனுக்கு அருகில் குந்துகால் என்னும் கடற்றுறை உண்டு. விவேகானந்தர் மேனாடு சென்று மீண்டு, 1897 சனவரியில் இந்திய மண்ணில் அடியெடுத்து வைத்த இடம் அதுவே. அடுத்த திங்களில் அவர் சென்னைக்கு வந்து தங்கிய மாளிகை, கடற்கரைச் சாலையில் விவேகானந்தர் இல்லம் என இன்றும் விளங்குகிறது.

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே, கரையை ஒட்டினாற்போல 21 சிறு தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. குருசடை, மனோலி, முயல்தீவு, முள்ளி, அப்பா எனப் பெயர்கள் பல. ஒன்றற்கு நல்லதண்ணித் தீவு என்றும், மற்றொன்றற்கு உப்புத்தண்ணித் தீவு என்றும் பெயரிட்டுள்ளனர். கடலில் தாகத்தோடு அலைந்தவர் இட்ட பெயர்களாகவே அவை தோன்றுகின்றன! இத்தீவுகளும் சூழ்ந்த கடலும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. ஆதலின் இசைவின்றி எவரும் அவற்றில் இறங்கலாகாது. குருசடைத் தீவைக் காண விரும்புவோர்க்கு வனத்துறையினர் குந்துகாலிலிருந்து படகு விடுகின்றனர்.

படகு கரையை விட்டு நீங்கியதும் நீரின் நிறம் மாறுகிறது. கரையருகே பச்சை, அப்பால் நீலம். தீவை அணுகுங்கால் அலையாத்தி மரங்களின் வேர்கள் நீருக்கு மேல் பின்னிக் கிடப்பதைக் காணலாம். அடிப்பாகத்தில் கண்ணாடி பதித்த படகில் அமர்ந்து குனிந்து நோக்குவார்க்குக் கடலின் அடித்தளமே தோட்டமாகத் தெரியும். மான்கொம்பு போலக் கிளைத்தவை சில. மூளை போல மடிப்புற்றவை சில. இவற்றின் இடையே வண்ண மீன்கள் புகுந்து வெளிப்படும்.

இவை பவளப் பாறைகள். செந்நிறத்தை எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாறுவர். அணிகலனில் பதிக்கும் செம்பவளம் நடுநிலக் கடலில் விளைவது. சென்னையின் பவளக்காரத் தெரு அதனை வாணிகம் செய்தோரால் பெயர் பெற்றது. மன்னார்ப் பவளம் வேறு. குண்டூசித் தலையளவே உள்ள நுண்ணுயிர்கள் பல, நீரிலுள்ள சுண்ணச் சத்தைக் கொண்டு தமக்குக் கூடு கட்டுகின்றன. அவை மாய்ந்தபின் அக்கூட்டின்மேல் புதியன கட்டுகின்றன. இங்ஙனம் பல நூற்றாண்டுகளாக வளர்ந்ததே பாறை. அவ்வுயிர்களின் உடலில் குடியிருக்கும் பாசியே அவற்றிற்கு நிறத்தையும் பெரும்பகுதி உணவையும் அளிக்கிறது. கடல்நீர் அளவுக்கு மீறி வெப்பமுற்றால் பாசி நீங்கும், பவளம் வெளுக்கும், வெப்பம் நீடித்தால் மடியும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இங்கு அவ்வாறு நிகழ்ந்தது.

பாறைகளுக்கும் கரைக்கும் இடையே கடற்புல் வளர்கிறது. அதனை மேய்ந்து வாழும் ஆவுளியா என்னும் கடற்பசு மிகவும் அருகிவிட்டது. படகில் செல்வோர் அதனைக் காண்பது அரிதினும் அரிது.

வெப்பத்தினும் கொடிய தீங்கு ஒன்று முன்னரே நேர்ந்தது. சுண்ணாம்பிற்காகவும் ஆலைகளுக்காகவும் பல ஆண்டுகள் பவளப் பாறைகளைப் பெயர்த்துக் கரைக்குக் கொணர்ந்தனர். அலையின் வேகத்தைத் தடுத்து, தீவுகளின் மணலைக் காத்து நின்றவை அப்பாறைகளே. அரண் இடிந்தபின் நகர் நிலைக்குமோ? கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும், தூத்துக்குடிப் பக்கத்து விலங்குசல்லியும் நீரில் மூழ்கின. 21 என்று எண்ணி வந்த தீவுகளில் இரண்டு இன்று கடலுக்கு மேல் இல்லை. 2001-இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அதனை எடுப்பது புலியைக் கொல்வதற்கு நிகரான குற்றமாயிற்று.

தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவும் அவ்வழியே செல்லவிருந்தது. 1986-இல் ஏறத்தாழ 16 எக்டேர் பரப்புடையதாக இருந்த அது, 2014-இல் 2 எக்டேர் அளவிற்குச் சுருங்கியது. அதன்பின் சிமெண்டுக் கற்காரையால் வார்த்த செயற்கைப் பாறைகளைத் தீவின் கடற்பக்கத்தில் வரிசையாக இறக்கினர். தேய்வு தணிந்தது. அக்கற்காரையின்மேல் பவள உயிர்கள் தாமே வந்து ஒட்டிக் கூடு கட்டத் தொடங்கியுள்ளன. மீன்களும் அங்கு வந்து சேர்கின்றன.