பூ போகும், கூடை திரும்ப வேண்டும்

பெரிய காஞ்சிபுரம் என்றவுடன் பட்டுத்தறியும் கோயில் கோபுரமும் நம் கண்முன் வருதல் இயல்பே. ஆயினும் அந்நகரில் பொழுது புலருமுன் நடைபெறும் மற்றொரு வாணிகம் உண்டு. அதுவே பூ வாணிகம். பூக்கடைச் சத்திரத்தின் பக்கம் அதிகாலையில் செல்வோர் சாக்கு மூட்டைகளும் மூங்கிற் கூடைகளும் அட்டைப் பெட்டிகளும் வந்து இறங்குவதைக் காணலாம். கோயில் மாலை, மணவறை, நம் ஆலயப் பீடம், கல்லறைத் திருநாளன்று நாம் நம் பெற்றோரின் கல்லறைமீது தூவும் மலர் என எல்லாமே இத்தகைய சந்தைகளின் வழியாகவே நம் கைக்கு வருகின்றன.

பூவின் விலையைப்பற்றிப் பேசாத குடும்பம் இல்லை. பூ வந்த கூடையைப்பற்றி எவரேனும் பேசுகின்றனரா? விவசாயியின் இலாப நட்டத்தில் அந்தக் கூடைக்கும் பெரும் பங்குண்டு என்பதை இங்கே சற்று விளக்க விரும்புகிறோம்.

பறித்த பின்னரும் பூ மூச்சு விடுகிறது. அதனால் வெப்பம் உண்டாகிறது. சாக்கில் திணித்துக் கட்டிய மல்லிகை தன் சூட்டிலேயே வெந்து பழுப்பேறிவிடும். மாலையில் விரிய வேண்டிய அரும்பை விடியுமுன் பறித்து, அன்றே சந்தை சேர்த்தாக வேண்டும். காற்றோட்டமுள்ள கூடையிலோ துளையிட்ட பெட்டியிலோ வைத்தால் பூ தப்பும். இது விவசாயிக்குத் தெரியாததன்று. பின் ஏன் சாக்கையே நாடுகிறார்? சாக்கு திரும்பி வராவிட்டால் அதிகம் நட்டமில்லை. நல்ல பெட்டி திரும்பாவிட்டால் அன்றைய ஆதாயமே போய்விடும். பூ கெடுவதற்குப் பறித்த கையைக் குறைகூறிப் பயனில்லை. பெட்டி திரும்பும் என்ற உறுதியின்மையே மூலகாரணம் என்பது நம் கருத்து.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். நாள்தோறும் 20 பெட்டி பூ அனுப்புகிறவருக்கு ஒவ்வொரு பெட்டியும் மூன்று நாளில் திரும்புமாயின் 60 பெட்டிகள் போதும். ஆறு நாளாகுமாயின் 120 வேண்டும். பூவும் கூடவில்லை, விலையும் கூடவில்லை. முதலீடு மட்டும் இருமடங்காகிறது. வைகாசியில் வரதராசப் பெருமாள் கோயிலின் கருடசேவையும் திருமண முகூர்த்தங்களும் நெருங்கி வரும் நாள்களிலோ, ஊரிலுள்ள பெட்டிகள் எல்லாம் மண்டபங்களிலும் மாலை கட்டுவோர் வீடுகளிலும் சிதறிக் கிடக்கும். தேவை மிகுந்த வேளையில் பெட்டி அகப்படாது.

இதற்கு வெளிநாட்டார் கண்ட வழி அறியத்தக்கது. நெதர்லாந்தின் ஆல்ஸ்மேர் நகரில் உலகப் புகழ்பெற்ற பூ ஏலக்கூடம் உள்ளது. அதனை நடத்துவது பூ வளர்ப்போரின் கூட்டுறவுச் சங்கமே. நீர் நிறைந்த வாளிகளில் பூவை நிறுத்தி, அவ்வாளிகளைச் சக்கரம் பூட்டிய அடுக்கு வண்டிகளில் ஏற்றி வருகின்றனர். வாளிக்கு முன்பணம் உண்டு. காலி வாளியைக் கொடுத்து அதனைத் திரும்பப் பெறலாம்.

தொட்டிச் செடிகளுக்கோ டென்மார்க்கில் 1976-ஆம் ஆண்டில் ஒரு பொது ஏற்பாடு தோன்றியது. அடித்தட்டு, நான்கு கால்கள், வேண்டிய உயரத்தில் மாட்டும் தட்டுகள், கீழே சக்கரங்கள்: இவ்வளவே அந்த வண்டி. எங்கும் ஒரே அளவு. விவசாயி செடி நிறைந்த பத்து வண்டிகளை ஒப்படைத்தால், வணிகர் அங்கேயே பத்துக் காலி வண்டிகளைத் தருவார். தன் வண்டியே திரும்ப வேண்டுமென்பதில்லை. அதற்கு ஈடான ஒன்று வந்தால் போதும். காலி வண்டியைக் கழற்றி அடுக்கினால் ஒரே லாரியில் பல ஏறும். ஐரோப்பாவெங்கும் இம்முறை பரவிற்று.

மனிதர் கைபட்டால் சூதும் உடன் வருமல்லவா? போலி வண்டிகள் செய்து பொதுவில் கலந்துவிட்டவர்களும் உண்டு. ஆகவே 2011-இல் உண்மையான வண்டிகளுக்கெல்லாம் மின்னணு அடையாள வில்லை பூட்டினர். பழுதான வண்டியை மெல்லப் பிறர் தலையில் கட்டுவதும் இத்தகைய ஏற்பாட்டில் வரக்கூடிய நோயே. பழுது பார்க்கும் செலவைப் பொதுவில் ஏற்காவிடில் நாளடைவில் ஓட்டை வண்டிகளே சுற்றிக்கொண்டிருக்கும்.

நம் நாட்டுக்கு இது புதுமையன்று. காலி சிலிண்டரைக் கொடுத்தன்றோ நிரம்பியதைப் பெறுகிறோம்? பால் பைகள் வரும் நெகிழிப் பெட்டிகள் அன்றாடம் பால் நிலையத்துக்குத் திரும்புகின்றன. காஞ்சிபுரத்து நெசவாளருக்கோ இது பரம்பரை அறிவு. முதலாளி பட்டு நூலை எடைபோட்டுக் கொடுப்பார். சேலையாகத் திரும்பும்போது மறுபடியும் எடைபோட்டுச் சரிபார்ப்பார். கணக்குப் புத்தகமே இரு தரப்புக்கும் சாட்சி.

பூச்சந்தையில் இல்லாதது அந்தப் புத்தகம்தான். தெரு மேடுபள்ளமும் சிறு வேன்களும் பேருந்துக் கூரையும் உள்ள நம் நிலையில் டென்மார்க்கு வண்டியை அப்படியே இறக்குமதி செய்வது வீண் ஆடம்பரம். ஒன்றனுள் ஒன்று அடங்கும் துளையிட்ட பெட்டிகள் போதும். காலியாகத் திரும்பும்போது இடம் அடைக்கா. ஒவ்வொன்றுக்கும் எண் வேண்டும். பெட்டியின் விலைக்குக் குறையாத முன்பணம் வேண்டும். முன்பணம் விலையிலும் குறைந்தால் பெட்டியை வைத்துக்கொள்வதே சிலருக்கு ஆதாயமாகிவிடும்.

பெட்டி யாருக்குச் சொந்தம் என்பது கடினமான வினா. மண்டிக்காரருக்கே சொந்தமானால், அவரிடம் முன்பணக் கடன் வாங்கிய விவசாயி பெட்டிக்காகவும் அவரை விட்டு விலக இயலாது. வேறு மண்டியில் கூடுதல் விலை கிடைத்தாலும் போகமுடியாது. விவசாயிகளின் சங்கத்துக்குச் சொந்தமானால், எந்த மண்டியில் இறக்கினாலும் காலிப் பெட்டியைக் கேட்டு வாங்கும் உரிமை அவருக்கு இருக்கும். கணக்கெழுத ஒருவரும், இரவில் பெட்டி அடுக்க ஒரு கொட்டகையும், கழுவ ஒரு தண்ணீர்க் குழாயும் சங்கத்துக்குத் தேவைப்படும். முகூர்த்த நாள் முடிந்த மறுகாலை, மண்டபம் மண்டபமாகச் சென்று பெட்டி பொறுக்கிவர ஒரு மூன்று சக்கர வண்டியும் வேண்டும்.