தாளில் ஒரு கோட்டை

 

கையில் 500 ரூபாய் நோட்டு இருந்தால் திருப்பிப் பாருங்கள். டெல்லி செங்கோட்டையும் அதன் மேல் பறக்கும் தேசியக் கொடியும் தெரியும். 1947 ஆகஸ்டில் அந்தக் கோட்டையில் ஏறிய கொடி நம் குடியாத்தம் நெசவாளர்கள் நெய்தது என்று நம் ஊரார் பெருமையோடு சொல்வதுண்டு.

விடுதலைக்கு முன் நம் நோட்டுகளில் இங்கிலாந்து மன்னரின் உருவம் இருந்தது. 1949-இல் வந்த ஒரு ரூபாய் நோட்டில் அந்த இடத்தை அசோகரின் சிங்கத் தூண் பிடித்தது. ஆட்சி மக்கள் கைக்கு வந்ததன் அடையாளம் அது. 1954-இல் வந்த 1000 ரூபாய் நோட்டில் தஞ்சைப் பெரிய கோயிலும் இடம்பெற்றது.

இன்றைய 10 ரூபாயில் கோனார்க் சக்கரம், 50-இல் ஹம்பி கல்தேர், 200-இல் சாஞ்சி ஸ்தூபி. 500 ரூபாய் நோட்டின் பின்பக்கம் 15 மொழிகள் வரிசையாக நிற்க, தமிழில் ‘ஐந்நூறு ரூபாய்’ என்றும் படிக்கலாம். அதன் முன்பக்கத்தில் உள்ள காந்தியடிகளின் படத்தை விரலால் தடவினால் மேடாகத் தட்டுப்படும். பார்வையற்றோருக்கு அது பெரிய உதவி.

நோட்டில் இருப்பது நம் நாட்டின் வரலாறு. அதில் கிறுக்காதீர்கள், பின் குத்தாதீர்கள்.