மாடு தின்னாத செடிதான் காட்டுல எரியுது

2023 ஆகஸ்ட்ல ஹவாயில லஹைனாங்கற ஊரே எரிஞ்சுபோச்சு. சுமார் 100 பேர் இறந்தாங்க. தீ அவ்வளவு வேகமா ஊருக்குள்ள வந்ததுக்குப் பலமான காத்தோட சேர்ந்து இன்னொரு காரணம், கினிப்புல். நம்ம பக்கம் மாட்டுக்குத் தீவனமா வளர்க்கறோமே, அதே புல்தான். அங்க கரும்புத் தோட்டங்களை மூடின பிறகு அறுக்க ஆளில்லாம காஞ்சு நின்னுது.

சென்னிமலைல உட்கார்ந்துக்கிட்டு இதை ஏன் பேசறோம்? நம்ம ஈரோடு மாவட்டத்துலதான் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் இருக்கு. அங்க ஆபத்து, உண்ணிச்செடி. 1800களின் தொடக்கத்துல வெள்ளைக்காரங்க அழகுக்காகக் கொண்டுவந்த அமெரிக்கச் செடி. இலைல நஞ்சு இருக்கறதால மாடு, மான் பெரும்பாலும் தொடாது. அதனால புதரா மண்டி, மரத்து மேலயும் படரும். கோடைல தரையோட வர்ற தீ, அதை ஏணியாக்கிக் கிளைக்கு ஏறிடும்.

வெட்டிவிட்டா போதாதா? போதாதுங்க. அடிக்கட்டைலிருந்து மறுபடி துளிர்க்கும். எரிச்சாலும் அப்படித்தான். மண்ணுக்குக் கொஞ்சம் கீழ வேரை வெட்டி, செடியைத் தலைகீழா கவுத்து வைக்கணும். அதுவும் பழம் பழுக்கறதுக்கு முன்னாடி. இல்லேன்னா பறவைங்க விதையைப் பரப்பிடும்.

அகற்றின இடத்தைச் சும்மா விட்டா உண்ணியே திரும்ப வரும். அங்க நாட்டுப் புல் வளரணும். 2022ல தமிழ்நாடு அரசு கொண்டுவந்த அயல் தாவரக் கொள்கையும் அகற்றறதையும் காட்டை மீட்கறதையும் சேர்த்துதான் பேசுது.

புல்லும் எரியும்தான். ஆனா அதுல ஒரு பகுதியை மான் மேய்ஞ்சிருக்கும். மிச்சம் தாழ்வா எரிஞ்சு சீக்கிரம் அடங்கும்.