பழைய அம்பாசிடர்ல லைட் மங்கலா எரியுதா? பல்பை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

இடது பக்க இண்டிகேட்டரைப் போட்டால், கூடவே பின்னால் இருக்கும் சிவப்பு விளக்கும் மினுக்குகிறது. இரவில் பிரேக்கை மிதித்தால், அந்தச் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிவதற்குப் பதில் மங்கிப் போகிறது. முன்னால் ஹெட்லைட்டோ மண்ணெண்ணெய் விளக்கு மாதிரி மஞ்சளாக இருக்கிறது.

பழைய அம்பாசிடர் வைத்திருக்கும் பலருக்கும் இது பழகிப்போன தொல்லை. "பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் இரவு நேரத்தில் நெடுஞ்சாலையில் பின்னால் வரும் லாரி டிரைவருக்கு, முன்னால் போகும் கார் பிரேக் பிடிக்கிறதா, திரும்பப் போகிறதா என்று தெரியாமல் போனால் என்ன ஆகும்?

இந்தக் கோளாறுகளில் பலவற்றுக்கு பல்பு காரணமே இல்லை. அப்படியானால் எங்கே பார்க்க வேண்டும்?

ஏன் பழைய கார்களில் இந்தப் பிரச்சினை?

பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடிப்படையாகக் கொண்டு, கொல்கத்தா அருகே உத்தர்பாராவில் 1950-களின் கடைசியில் தயாராகத் தொடங்கியது அம்பாசிடர். உற்பத்தி நின்றது 2014-ல். இன்று ஓடும் வண்டிகளில் பல, 30, 40 வயதைத் தாண்டியவை.

காரில் ஒவ்வொரு விளக்குக்கும் போக ஒரு ஒயர், திரும்பி வர ஒரு ஒயர் என்று இருக்காது. பேட்டரியிலிருந்து கரண்ட் ஒயர் வழியாக பல்புக்குப் போகும். திரும்பி வருவது காரின் இரும்பு பாடி வழியாக. இதைத்தான் மெக்கானிக்குகள் 'எர்த்' என்கிறார்கள்.

விளக்கின் உலோகப் பகுதி பாடியைத் தொடும் இடத்தில் துரு பிடித்தாலோ, டிங்கரிங் வேலைக்குப் பிறகு பெயின்ட் மூடினாலோ, திரும்பி வரும் பாதை அடைபட்டுவிடும். அப்போது கரண்ட் வேறு வழி தேடும்.

இண்டிகேட்டருக்கு பிரேக் லைட் ஏன் எரியுது?

பின்பக்க விளக்குக் கூட்டில் பார்க்கிங், பிரேக், இண்டிகேட்டர் மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே எர்த்தான். அது கெட்டுப்போனால், இண்டிகேட்டருக்கு வந்த கரண்ட் பாடிக்குப் போக முடியாமல், பக்கத்தில் உள்ள பிரேக் பல்பின் இழைக்குள் தலைகீழாக நுழையும். அங்கிருந்து பிரேக் ஒயர் வழியாக மறுபக்க பிரேக் பல்புக்குப் போய், அங்கே நல்ல எர்த் கிடைத்ததும் இறங்கும்.

போகிற வழியில் உள்ள இழைகளை எல்லாம் அது லேசாக எரிய வைக்கும். ஒன்றைப் போட்டால் இன்னொன்று எரிகிறது என்றால், முதல் சந்தேகம் அந்தப் பக்க எர்த் மீதுதான் வர வேண்டும். புது பல்பு போட்டாலும் இது மாறாது.

ஹெட்லைட் மங்கல்: கணக்கு இதுதான்

லோ பீமில் 55 வாட் ஹாலோஜன் பல்பு ஒன்று சுமார் நாலரை ஆம்ப் இழுக்கும். இரண்டுக்கும் சேர்த்து 9 ஆம்ப். பல பழைய கார்களில் இந்தக் கரண்ட் முழுவதும் டாஷ்போர்டு சுவிட்ச், காலால் அழுத்தும் டிம்-பிரைட் சுவிட்ச், நீளமான ஒயர் என எல்லாவற்றையும் தாண்டித்தான் பல்புக்கு வரும்.

வழியில் ஏதோ ஒரு சுவிட்சில் களிம்பு ஏறி, வெறும் 0.1 ஓம் தடை உண்டானாலே 0.9 வோல்ட் அங்கேயே போய்விடும். "ஒரு வோல்ட்தானே" என்று விட முடியாது. இழை பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால், வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறையும்.

குறைந்த அந்த மின்சாரம் காணாமல் போவதில்லை. சுமார் 8 வாட் வெப்பமாக அந்தச் சின்ன இணைப்பிலேயே இறங்குகிறது. கனெக்டர் பழுப்பாவது, ஒயர் உறை இளகுவது, கருகிய வாசனை வருவது எல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. மங்கலான ஹெட்லைட், சில சமயம் தீ விபத்துக்கான முதல் எச்சரிக்கை.

மல்டிமீட்டரில் கண்டுபிடிப்பது எப்படி?

பலர் மீட்டரை 'பீப்' சத்தம் வரும் இடத்தில் வைத்து, ஒயர் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். இது ஏமாற்றும். ஒயருக்குள் ஒரே ஒரு கம்பி இழை மிச்சம் இருந்தாலும் பீப் வரும். ஆனால் அந்த ஒற்றை இழை ஹெட்லைட்டின் சுமையைத் தாங்காது. அதனால் லைட் எரியும்போதே வோல்டேஜ் அளக்க வேண்டும்.

1. மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கோளாறான விளக்கைப் போட வேண்டும்.

2. எர்த் சோதனை: கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும், சிவப்பு முனையை விளக்கின் எர்த் பகுதியிலும் வைக்க வேண்டும். பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கெட்டிருக்கிறது.

3. சப்ளை சோதனை: சிவப்பு முனையை பேட்டரி பாசிட்டிவிலும், கறுப்பு முனையை பல்புக்கு கரண்ட் வரும் ஒயரிலும் வைக்க வேண்டும். ஒரு வோல்ட்டைத் தாண்டினால் வழியில் எங்கோ அடைப்பு.

4. பிறகு கறுப்பு முனையை பல்பு, டிம் சுவிட்ச், மெயின் சுவிட்ச் என்று ஒவ்வொரு படியாகப் பின்னால் நகர்த்த வேண்டும். எந்த இடத்தில் அளவு சட்டென்று குறைகிறதோ, அதற்கும் முந்தைய இடத்துக்கும் நடுவில்தான் கோளாறு.

கவனம்: மிகப் பழைய பிரிட்டிஷ் பாணி கார்கள் சிலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியில் கொடுக்கப்பட்டிருக்கும். அதை முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி செய்வது எப்படி?

முதலில் பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். விளக்கு பாடியில் உட்காரும் இடத்தையும் ஸ்க்ரூவையும் உப்புத்தாளால் உலோகம் பளபளக்கும்வரை தேய்க்க வேண்டும். பல்பு ஹோல்டருக்குள் உள்ள களிம்பையும் சுத்தம் செய்ய வேண்டும். இறுக்கிய பிறகு ஈரம் புகாமல் மேலே லேசாக வாசலின் தடவலாம். துரு அதிகம் என்றால், விளக்கிலிருந்து பாடியின் நல்ல இடத்துக்குத் தனியாக ஒரு எர்த் ஒயர் இழுப்பது நல்லது.

ஹெட்லைட்டுக்கு நிரந்தரத் தீர்வு, ஃபியூஸுடன் கூடிய ரிலே. பேட்டரியிலிருந்து தடிமனான ஒயர் நேராக ரிலே வழியாக பல்புக்குப் போகும். பழைய சுவிட்ச், ரிலேயை இயக்கும் சிறிய கரண்ட்டை மட்டும் தாங்கினால் போதும்.

செய்யவே கூடாத மூன்று தவறுகள்

பெரிய ஃபியூஸ்: ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று அதைவிடப் பெரியதைப் போடுவதும், வெள்ளித்தாள் சுற்றுவதும் ஆபத்து. அப்போது ஃபியூஸுக்குப் பதில் ஒயர் எரியும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பழைய லூகாஸ் பாணி கண்ணாடி ஃபியூஸில் 35 ஆம்ப் என்று இருந்தால், அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது சுமார் 17 ஆம்ப்தான். மற்ற ஃபியூஸ்களில் எழுதியிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவு. எண்ணை மட்டும் பார்த்து மாற்றினால் பாதுகாப்பு பாதியாகிவிடும்.

அதிக வாட் பல்பு: வெளிச்சம் பத்தவில்லை என்று 100 வாட் பல்பு போட்டால் கரண்ட் கிட்டத்தட்ட இரு மடங்காகும். ஏற்கெனவே திணறும் சுவிட்சும் ஹோல்டரும் இளகிவிடும். எதிரே வருபவருக்கும் கண் கூசும்.

இண்டிகேட்டரில் எல்இடி: பழைய ஃபிளாஷர், பல்பு இழுக்கும் கரண்ட்டால் சூடாகித்தான் 'டிக் டிக்' என்று வேலை செய்யும். எல்இடி குறைவாக இழுப்பதால் மினுக்காமல் நின்றுவிடலாம். எல்இடி போட்டால் ஃபிளாஷரையும் மாற்ற வேண்டும்.

எல்லா மங்கலும் கோளாறா?

இல்லை. டைனமோ உள்ள பழைய மாடல்களில், வண்டி ஐடிலில் நிற்கும்போது லைட் மங்குவது இயல்புதான். ஆக்சிலேட்டர் கொடுத்தால் சரியாகிவிடும். ஆனால் ரேஸ் செய்யும்போது வெளிச்சம் அளவுக்கு மீறி ஏறி, பல்பு அடிக்கடி பியூஸ் போனால், ரெகுலேட்டரைப் பார்க்க வேண்டும். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 15 வோல்ட்டைத் தாண்டுவது சரியல்ல.

கருகிய வாசனை வந்தாலோ, ஒயரைத் தொட்டால் சுட்டாலோ, மாற்றிய ஃபியூஸ் உடனே போனாலோ, அதற்கு மேல் சொந்தமாக முயற்சி செய்யாமல் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடுவதே நல்லது.

மற்றபடி மாதம் ஒருமுறை இருட்டில் காரைச் சுவர் ஓரமாக நிறுத்தி, ஒருவர் பிரேக், இண்டிகேட்டர், ஹெட்லைட் என்று ஒவ்வொன்றாகப் போட, இன்னொருவர் வெளியே நின்று பார்த்தால் போதும். ஐந்து நிமிஷ வேலை. பின்னால் வரும் லாரி டிரைவருக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று சொல்வது அந்த விளக்கு ஒன்றுதான்.